பக்கவாத்தியம் யார் என்று முதலில் கேளுங்கள்

டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழக அமைப்பின் ரீஜென்ட்களுக்கும் (நிர்வாகக் குழுவினருக்கும்), விளையாட்டுத்துறை இயக்குநர் ராஸ் பியோர்க் அவர்களுக்கும் ஒரு திறந்த மடல்

கேட்டி, டெக்சஸ்
2023 நவம்பர் 15

ஹௌடி.

வளாகத்தில் எதிரே யார் வந்தாலும் இதைத்தான் சொல்லவேண்டும் என்று முதல் வாரத்திலேயே எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். ஆகவே மடலும் அப்படியே தொடங்குகிறது. நான் உங்கள் பழைய மாணவன். கோயம்புத்தூரிலிருந்து இரண்டு பெட்டியோடு பொறியியல் முதுகலை படிக்க காலேஜ் ஸ்டேஷன் வந்து இறங்கியவன். இப்போது ஹூஸ்டனுக்கு மேற்கே கேட்டியில் குடும்பத்தோடு இருக்கிறேன்.

இதன் ஆங்கிலப் பிரதி உங்கள் அலுவலகத்துக்குத் தனியாக வருகிறது. தமிழிலும் எழுதக் காரணம், என்னைப்போல அங்கே படித்து, சனிக்கிழமையானால் மெரூன் சட்டை போட்டுக்கொள்ளும் தமிழர்கள் சில நூறு பேராவது இந்த மாநிலத்தில் இருக்கிறோம். நாங்கள் எங்களுக்குள் பேசிக்கொள்வது என்னவென்று ஒருமுறை வெளியே தெரியட்டும். தமிழ்நாட்டில் இருந்து படிப்பவர்களுக்கு ஒரு வரி: இங்கே ஃபுட்பால் என்றால் காலால் உதைக்கும் கால்பந்து இல்லை. ஹெல்மெட் போட்டு, முட்டை வடிவப் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு முட்டி மோதுகிற ஆட்டம். கல்லூரி அணியின் தலைமைப் பயிற்சியாளருக்குப் பல்கலைக்கழகத் தலைவரைவிடப் பல மடங்கு சம்பளம். அதை யாரும் விநோதமாகப் பார்ப்பதில்லை.

போன சனிக்கிழமை இரவு மிசிசிப்பி ஸ்டேட்டை 51-10 என்று துவைத்து எடுத்தோம். மறுநாள் காலை தோசை வார்த்துக்கொண்டிருக்கும்போது தலைமைப் பயிற்சியாளர் ஜிம்போ ஃபிஷரை நீக்கிவிட்டீர்கள் என்று செய்தி. எங்கள் வாட்ஸ்அப் குழுவில் முதல் கால்மணி நேரம் ஆட்டத்தைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. எல்லோரும் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தோம்.

கணக்கு இதுதான். அவரை அனுப்ப 7.6 கோடி டாலருக்கு மேல். 60 நாளுக்குள் ஏறக்குறைய 1.9 கோடி, அதன்பிறகு 2031 வரை ஆண்டுக்கு 72 லட்சம். வகுத்துப் பார்த்தால் ஒரு நாளைக்கு 19,700 டாலர் சொச்சம், பயிற்சி தராமல் இருப்பதற்கு. என் மகள் இப்போது முதல் வகுப்பு. கடைசித் தவணை போகும்போது அவள் ஒன்பதாம் வகுப்பில் இருப்பாள். இதற்கு முன் கல்லூரி ஃபுட்பாலில் பெரிதாகப் பேசப்பட்ட தொகை, 2020ல் ஆபர்ன் பல்கலைக்கழகம் கஸ் மால்சானுக்குக் கொடுத்த 2.1 கோடி சொச்சம். அதைப்போல மூன்றரை மடங்கு நாம். அவர் நாளைக்கே வேறொரு வேலைக்குப் போய்ச் சம்பளம் வாங்கினாலும் நம் தவணையில் ஒரு பைசா குறையாது. ஒப்பந்தம் அப்படி எழுதப்பட்டிருக்கிறது.

இது நன்கொடைப் பணம், மாணவர் கட்டணம் இல்லை என்று சொல்வீர்கள். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நன்கொடை கிணற்று நீர் இல்லை, இறைக்க இறைக்க ஊற.

ஃபிஷரை நீக்கியது தப்பு என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. 2021 அக்டோபரில் மிசூரியில் ஜெயித்த பிறகு எதிரணியின் மைதானத்தில் ஒன்பது ஆட்டம் தொடர்ந்து தோற்றோம். அதற்கு மேல் பொறுத்திருக்க யாராலும் முடியாது. அவர் மேல் எனக்குக் கோபமும் இல்லை. கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டார். கொடுத்தது யார் என்பதுதான் என் கேள்வி.

2017 டிசம்பரில் அவரைக் கொண்டுவந்தபோது பத்து வருடம், 7.5 கோடி டாலர், முழுத்தொகைக்கும் உத்தரவாதம். ஃப்ளோரிடா ஸ்டேட்டில் 2013ல் தேசிய சாம்பியன் ஆனவர், அதனால் அன்றைக்கு நானும் கைதட்டினேன். வந்த புதிதிலேயே சான்ஸலர் ஜான் ஷார்ப் அவருக்கு ஒரு தேசிய சாம்பியன் பலகையைப் பரிசளித்தார். வருடம் எழுதவேண்டிய இடத்தில் 20 என்று மட்டும் போட்டு, மிச்ச இரண்டு இலக்கத்துக்கு இடம் விட்டிருந்தார்கள். முகூர்த்த நாளை நிரப்பாமல் கல்யாணப் பத்திரிகை அடித்த மாதிரி.

அது கூடப் பரவாயில்லை, ஆசை யாருக்குத்தான் இல்லை. 2021 செப்டம்பரில் நடந்ததுதான் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. அந்த சீசன் முடிந்தாலும் பழைய ஒப்பந்தத்தில் ஆறு சீசன் பாக்கி இருந்தது. அவரை வேறு யாரும் கொத்திக்கொண்டு போகக்கூடாது என்ற பயத்தில் மேலும் நான்கு வருடம் நீட்டினீர்கள். சம்பளத்தை ஆண்டுக்கு 90 லட்சத்துக்கு ஏற்றினீர்கள். உத்தரவாதம் அப்படியே தொடர்ந்தது. ஏலத்தில் நாம் ஒருவர்தான் கை தூக்கிக்கொண்டிருந்தோம், நம் விலையை நாமே ஏற்றிக்கொண்டும் இருந்தோம். பழைய ஒப்பந்தமே இருந்திருந்தால் 2024 முதல் 2027 வரை நான்கு வருடத்துக்கு ஏறக்குறைய 3 கோடியோடு கணக்கு தீர்ந்திருக்கும். மிச்சம் 4.6 கோடி, அந்த ஒரு கையெழுத்தின் விலை. மேசையின் அந்தப் பக்கம் இருந்த ஏஜென்ட் ஜிம்மி செக்ஸ்டன், நம் அணி ஆடும் எஸ்இசி (தென்கிழக்குப் பல்கலைக்கழக அணிகளின் கூட்டு) பிரிவின் பல பயிற்சியாளர்களுக்கு ஏஜென்ட். தன் வேலையை அவர் நன்றாகவே செய்தார். இந்தப் பக்கம் நமக்காக அதே அளவு கறாராக உட்கார்ந்திருந்தவர் யார்?

பணத்தைப் பற்றி இவ்வளவு போதும். அதைவிட முக்கியமான ஒன்றுக்கு வருகிறேன்.

என் அப்பா கச்சேரி நோட்டீஸ் கையில் கிடைத்தால் பாடகர் பெயரை விட்டுவிட்டு, கீழே சின்ன எழுத்தில் இருக்கும் வயலின், மிருதங்கம் யார் என்றுதான் முதலில் பார்ப்பார். "பெரிய வித்வான்தான், மிருதங்கம் சரியில்லேன்னா தனி ஆவர்த்தனத்துக்கு முன்னாடியே எழுந்து வந்துடலாம்" என்பார். நாம் இருபது வருடமாக நோட்டீஸின் மேல் வரியை மட்டுமே, அதாவது தலைமைப் பயிற்சியாளர் பெயரை மட்டுமே, படித்துக்கொண்டிருக்கிறோம். நம் பக்கவாத்தியம் உதவிப் பயிற்சியாளர்கள்.

ஃபிஷருக்கு முன் தலைமைப் பயிற்சியாளராக இருந்த கெவின் சம்லினை எடுத்துக்கொள்ளுங்கள். 2012ல் எஸ்இசிக்குள் நுழைந்த முதல் வருடமே 11-2, அதாவது 11 வெற்றி, 2 தோல்வி. டஸ்கலூசாவுக்கே போய் அலபாமாவை 29-24 என்று வீழ்த்தினோம். ஜானி மான்சியல் முதலாண்டு மாணவராக, கல்லூரி ஃபுட்பாலின் சிறந்த வீரருக்கான ஹைஸ்மன் விருது வாங்கினார், அதுவரை எந்த முதலாண்டு மாணவரும் வாங்காதது. அந்த ஆஃபன்ஸை (பந்தோடு தாக்கும் பிரிவை) நடத்திய கிளிஃப் கிங்ஸ்பரி அதே டிசம்பரில் டெக்சஸ் டெக்குக்குத் தலைமைப் பயிற்சியாளராகக் கிளம்பினார். அடுத்த வருடம் 9-4, பிறகு 8-5, 8-5, 8-5. கிங்ஸ்பரி போனது மட்டும்தான் காரணம் என்று சாதிக்க மாட்டேன். 2013ல் மான்சியல் இருந்தார், புள்ளிகள் குவிந்துகொண்டுதான் இருந்தன. டிஃபன்ஸ், அதாவது தடுக்கும் பிரிவுதான் ஓட்டைச் சட்டி. அதுவும் பக்கவாத்தியம்தானே? 2015 டிசம்பரில் இரண்டு இளம் குவாட்டர்பேக்குகள் (பந்தை வீசி ஆஃபன்ஸை நடத்தும் வீரர்கள்) ஒருவர் பின் ஒருவராக வேறு கல்லூரிக்குப் போனார்கள். அதில் ஒருவர் கைலர் மர்ரி. 2018ல் ஒக்லஹோமா சட்டையில் ஹைஸ்மன் வாங்கினார். ஒரே மாதத்தில் இரண்டு பையன்கள் வீட்டைவிட்டுப் போனால் அப்பாவை மட்டும் விசாரித்தால் போதாது. அவர்களோடு தினமும் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் யார் என்றும் விசாரிக்கவேண்டும்.

ஃபிஷர் காலத்திலும் இதே கதைதான். 2018 முதல் 2021 வரை டிஃபன்ஸ் மைக் எல்கோ கையில் இருந்தது. 2020ல் 9-1, ஆரஞ்சு பவுல் (சீசன் முடிவில் நடக்கும் பெரிய ஆட்டம்) வெற்றி, தரவரிசையில் 4ஆம் இடம். 2021 அக்டோபரில் முதலிடத்தில் இருந்த அலபாமாவை நம் மைதானமான கைல் ஃபீல்டில் 41-38 என்று சாய்த்தோம், அன்றைக்கு எனக்குத் தொண்டை கட்டியது மூன்று நாள் தெளியவில்லை. அந்த டிசம்பரில் டியூக் எல்கோவைத் தலைமைப் பயிற்சியாளராக அழைத்துக்கொண்டது. அடுத்த சீசன் நாம் 5-7. முந்தின வருடம் 3-9 என்று கிடந்த டியூக் 9-4. அதே 2022ல்தான் ரெக்ரூட்டிங் தரவரிசைகளின் வரலாற்றிலேயே அதிக மதிப்பெண் பெற்ற புதுமுக வீரர்கள் கூட்டம் நம்மிடம் வந்து சேர்ந்திருந்தது. அரிசி முதல் தரம், அடுப்பு எரியவில்லை. 2022ல் நோய் ஆஃபன்ஸில்தான் அதிகம் என்பதும் உண்மை. அங்கே எந்த ஆட்டம் ஆடுவது என்று ஒவ்வொரு முறையும் முடிவெடுத்து அழைத்தவர் தலைமைப் பயிற்சியாளரே. பாடுகிறவரே மிருதங்கமும் வாசித்தார்.

2022 செப்டம்பர் 10, அப்பலாச்சியன் ஸ்டேட் ஆட்டத்தை மறக்க நினைத்தும் முடியவில்லை. வந்து ஆட நாமே 15 லட்சம் டாலர் கொடுத்து அழைத்த அணி. நாம் தரவரிசையில் 6. டிக்கெட் கடைசி நேரத்தில் வாங்கியதால் எதிரணி பெஞ்சுக்குப் பின்னால், தாழ்வான வரிசையில் எனக்கு இடம். நம்மவர்கள் ஆடும் நேரமெல்லாம் அவர்கள் பெஞ்சில் ஒரு காட்சியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆஃபன்ஸிவ் லைன் ஆட்கள் ஐந்து பேர் வரிசையாக உட்கார்ந்திருக்க, அவர்களுடைய பயிற்சியாளர் முன்னால் மண்டியிட்டு, ஒரு சின்ன வெள்ளைப் பலகையில் மார்க்கரால் கோடு போடுவார், உள்ளங்கையால் அழிப்பார், மறுபடி போடுவார். கத்தவில்லை. ஒருவன் ஏதோ கேட்டால் மார்க்கரை அவன் கையில் கொடுத்து நீ வரைந்து காட்டு என்பார். அவருடைய கை முழுக்கக் கறுப்பு மை. 60 நிமிட ஆட்டத்தில் 41 நிமிடத்துக்கு மேல் பந்து அவர்களிடமே இருந்தது. 17-14 என்று தோற்றோம். அந்தப் பயிற்சியாளரின் பெயர் அன்றைக்கு எனக்குத் தெரியாது. தொலைக்காட்சி கேமராவும் அந்தப் பக்கம் திரும்பியதாக நினைவில்லை.

நம்மை மட்டும் சொல்வானேன். பக்கத்து மாநிலத்தில் எல்எஸ்யு (லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகம்). 2019ல் எட் ஓர்ஜெரான் தலைமையில் 15-0, தேசிய சாம்பியன். நியூ ஆர்லீன்ஸ் செயின்ட்ஸ் அணியிலிருந்து ஜோ பிரேடி என்ற இளைஞரைக் கொண்டுவந்து பந்தை வீசும் ஆட்டத்தையே மாற்றிய வருடம் அது. சீசன் முடிந்ததும் பிரேடி என்எஃப்எல் என்னும் தொழில்முறை லீகுக்குப் போனார், டிஃபன்ஸை நடத்திய டேவ் அராண்டா பேய்லருக்குப் போனார். ஜோ பரோ உள்பட நட்சத்திர வீரர்களும் கிளம்பினார்கள், அதை மறைக்கவில்லை. அடுத்த வருடம் 5-5. கோப்பை வாங்கிய 21 மாதத்தில் ஓர்ஜெரானுக்கு விடைகொடுக்கிறோம் என்று அறிவித்துவிட்டார்கள். தலைமைப் பயிற்சியாளர் அதே ஆள், அதே குரல்.

நேர்மாறான கதையும் உண்டு. கிளெம்சனில் டாபோ ஸ்வினி, 2012 ஜனவரியில் ஆரஞ்சு பவுலில் வெஸ்ட் வர்ஜீனியாவிடம் 70-33 என்று அவமானப்பட்டார். அந்த மாதமே டிஃபன்ஸ் கோஆர்டினேட்டரை (அந்தப் பிரிவுக்குப் பொறுப்பான உதவிப் பயிற்சியாளரை) மாற்றி ஒக்லஹோமாவிலிருந்து பிரென்ட் வெனபிள்ஸைக் கூட்டிவந்தார். 2016லும் 2018லும் தேசிய சாம்பியன். ஸ்வினியிடம் நான் மதிப்பது கோப்பைகளை அல்ல. எழுபது வாங்கிய பிறகு, எனக்குத் தெரியாததைத் தெரிந்த ஒருவன் வேண்டும் என்று ஒப்புக்கொண்ட அந்த ஜனவரியை.

இந்த 2023ன் விதிப்படி தலைமைப் பயிற்சியாளருக்குக் கீழே களத்தில் பயிற்சி தர பத்துப் பேரை வைத்துக்கொள்ளலாம். பதினெட்டு வயதுப் பையனின் வீட்டுச் சமையலறையில் போய் உட்கார்ந்து அவன் பாட்டியிடம் பேசுவது இந்தப் பத்துப் பேரில் ஒருவர்தான். வாரத்துக்கு ஆறு நாள் அவனோடு மல்லுக்கட்டுவதும் அவரே. ஆகவே நேர்காணலுக்கு வரும் ஒவ்வொருவரிடமும் முதல் கேள்வியாக இதைக் கேளுங்கள்: உங்கள் பத்துப் பேர் யார்? உங்களிடமிருந்து விலகிப்போனவர்கள் யார், ஏன் போனார்கள்? அந்தப் போனவர்களுக்கு நீங்களே போன் போட்டுப் பேசுங்கள். தலைமைப் பயிற்சியாளர் சம்பளத்தை முடிவு செய்வதற்கு முன்பே உதவிப் பயிற்சியாளர்களுக்கு எவ்வளவு ஒதுக்குவது என்று முடிவு செய்யுங்கள். மாப்பிள்ளைக்குச் செயின் போட்ட பிறகு சமையல்காரருக்குக் காசில்லை என்று கைவிரிக்கும் கல்யாணங்களை நாங்கள் நிறையப் பார்த்திருக்கிறோம்.

கடைசியாக நாம் எடுத்த கோஆர்டினேட்டர்களைப் பற்றியும் பேசியாக வேண்டும். எல்கோ போனபின் டிஃபன்ஸுக்கு வந்த டி.ஜே. டர்கின், மேரிலாந்தில் தலைமைப் பயிற்சியாளராக இருந்தவர். அவர் காலத்தில், 2018ல், பயிற்சியின்போது வெப்பத்தாக்குக்கு ஆளான ஒரு வீரர் இறந்தார். அந்த அக்டோபர் இறுதியில் அவர் நீக்கப்பட்டார். இந்த ஜனவரியில் ஆஃபன்ஸுக்கு வந்த பாபி பெட்ரினோ, மோட்டார் சைக்கிள் விபத்தைத் தொடர்ந்து 2012ல் ஆர்கன்சாவில் வேலை இழந்தவர். விபத்தில் உடன் இருந்தது தான் வேலைக்கு எடுத்த பெண் ஊழியர், அவருடன் தனக்குத் தொடர்பு உண்டு என்பதை அவர் நிர்வாகத்திடம் மறைத்திருந்தார். மனிதர் திருந்தக்கூடாது, மறுவாய்ப்பு கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆட்ட நுணுக்கம் தெரிந்தவர்கள்தான் இருவரும். ஆனால் இந்தப் பெயர்கள் வந்தபோது உங்களில் யாராவது கேள்வி கேட்டீர்களா, அல்லது ஊழியர் தேர்வு ஃபிஷர் பாடு என்று விட்டுவிட்டீர்களா? இந்த ஊரின் ஆகஸ்ட் வெயிலில் சைக்கிளில் வகுப்புக்குப் போனவன் நான். அதில் கனமான கவசத்தோடு பையன்களை ஓடவிடுகிறோம். உடற்பயிற்சியாளரும் மருத்துவக் குழுவும் யாருக்குப் பதில் சொல்வார்கள் என்பது நீங்கள் எழுத்தில் போடவேண்டிய விஷயம். "போதும், நிறுத்து" என்று சொல்லும் அதிகாரம் உள்ளவரின் சம்பளக் காகிதத்தில் தலைமைப் பயிற்சியாளரின் கையெழுத்து இருக்கக்கூடாது.

பழைய பெயர்களையும் கொஞ்சம் புரட்டிப் பார்க்கலாம். ஆர்.சி. ஸ்லோகம் பதினாலு சீசன் இருந்தார். 123 வெற்றி, 47 தோல்வி, 2 டிரா. தோல்வி அதிகமான வருடம் என்று ஒன்றுகூட அவருக்கு இல்லை. நாம் கடைசியாகக் கான்ஃபரன்ஸ் (நாம் ஆடும் பிரிவின்) சாம்பியன் ஆன 1998ம் அவர் காலம்தான். 2002ல் 6-6 ஆனதும் அனுப்பிவிட்டோம். அடுத்து அலபாமாவிலிருந்து டெனிஸ் ஃப்ராங்கியோனியை அழைத்துவந்தோம். முதல் வருடமே ஒக்லஹோமாவிடம் 77-0. பிறகு அவர் அணியின் உள்விவரங்களை, காயம்பட்டவர் யார் என்பது உட்பட, வருடத்துக்கு 1,200 டாலர் சந்தா வாங்கிக்கொண்டு சில பணக்கார ரசிகர்களுக்கு ரகசிய மின்னஞ்சலாக அனுப்பியது தெரியவந்தது. (நான் படித்த காலத்தில் மாதச் செலவைச் சமாளிக்க லைப்ரரியில் புத்தகம் அடுக்கினேன். இப்படியொரு வழி இருப்பது தெரியாமல் போயிற்று.) பிறகு மைக் ஷெர்மன், 25-25. பிறகு சம்லின், 51-26. பிறகு ஃபிஷர், 45-25. சம்லினையும் ஃபிஷரையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சம்லினை அனுப்ப ஒரு கோடி சொச்சம் கொடுத்து, ஃபிஷருக்கு 7.5 கோடி என்று கையெழுத்திட்டு, கிட்டத்தட்ட அதே இடத்தில்தான் வந்து நிற்கிறோம்.

இப்போது எல்லோரும் அவசரப்படுத்துவார்கள். டிசம்பர் 4ல், வீரர்கள் வேறு கல்லூரிக்கு மாறப் பதிவு செய்யும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் திறக்கிறது. பயிற்சியாளரை இழந்த அணி என்பதால் நம் வீரர்கள் அதற்குக்கூடக் காத்திருக்க வேண்டியதில்லை. டிசம்பர் 20ல் புது வீரர்கள் கையெழுத்துப் போடும் நாள். அடுத்த வருடம் டெக்சஸ் பல்கலைக்கழகமும் (லாங்ஹார்ன்ஸ்) ஒக்லஹோமாவும் எஸ்இசிக்கு வருகின்றன, 2011க்குப் பிறகு முதல்முறையாக லாங்ஹார்ன்ஸ் அணி நம்மோடு ஆட, அதுவும் கைல் ஃபீல்டுக்கே, வருகிறது. சாம்பியன்ஷிப் பிளேஆஃபும் 12 அணிகளாக விரிகிறது. வேகம் வேண்டும்தான். ஆனால் வேகம் வேறு, பதற்றம் வேறு. நெப்ராஸ்காவில் ஸ்காட் ஃப்ராஸ்டை 2022 செப்டம்பர் 11ல் நீக்கினார்கள். இன்னும் மூன்று வாரம் பொறுத்திருந்தால் கொடுக்கவேண்டிய 1.5 கோடி டாலர் பாதியாகியிருக்கும்.

கூட்டத்துக்குப் பயந்தும் முடிவெடுக்காதீர்கள். இதைச் சொல்ல எனக்கு அருகதை கொஞ்சம் குறைவு, ஏனென்றால் நானே இப்போது கூட்டத்தில் ஒருவனாகச் சத்தம் போட்டுக்கொண்டிருக்கிறேன். 2017 நவம்பரில் டென்னசி பல்கலைக்கழகம் கிரெக் ஷியானோவோடு பேசி முடித்துவிட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை, ரசிகர்களும் அரசியல்வாதிகளும் கொதித்ததில் மாலைக்குள் பின்வாங்கியது. அந்த வாரத்துக்குள் விளையாட்டுத்துறை இயக்குநர் ஜான் கறியின் நாற்காலியும் போனது. கடைசியில் வந்த ஜெரமி ப்ரூயிட், என்சிஏஏ (கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் அமைப்பு) விதிமீறல் விவகாரத்தில் 2021 ஜனவரியில் நீக்கப்பட்டார். பெயரை மேசைக்குக் கொண்டுவரும் முன்பே எல்லாவற்றையும் விசாரித்திருந்தால், வெளியே சத்தம் வரும்போது நிற்கவும் முடியும், சரியான காரணத்துக்காக விலகவும் முடியும். விசாரிக்காதவர்களால் இரண்டும் முடியாது.

எங்கள் குழுவில் தினமும் ஒரு பெயர் அடிபடுகிறது. என்எஃப்எல் ஆள் வேண்டும் என்கிறார் ஒருவர். எல்கோவைத் திரும்பக் கூப்பிடு என்கிறார் இன்னொருவர். இந்த ஊரின் பைத்தியக்காரத்தனம் அவருக்குப் பழகியது என்பது அந்தப் பக்கத்து வாதம். எனக்கும் அதில் சாய்வு உண்டு. ஆனால் ஆள் யார் என்பதில் நான் தோற்றாலும் வருத்தமில்லை. அவருக்கு ஆறு வருடத்துக்கு மேல் எழுதாதீர்கள். சம்பளத்தில் ஒரு பங்கை ஜெயித்தால் தருவதாக வையுங்கள். அவர் வேறு வேலைக்குப் போனால் அந்தச் சம்பளம் நம் பாக்கியில் கழியவேண்டும் என்று ஒரு வரி சேருங்கள், நம்மிடம் போன முறை இல்லாத வரி அதுதான். அப்புறம், நல்ல வருடம் ஒன்று வந்து, வேறு யாரோ அவரைக் கேட்கிறார்களாம் என்று வதந்தி கிளம்பும். அன்றைக்குப் பேனாவை எடுக்காதீர்கள். ஒரு வாரம் பூட்டி வையுங்கள்.

நான் முதன்முதலில் கைல் ஃபீல்டுக்குப் போனது ஆகஸ்டில் வந்து செப்டம்பரில். ஆட்டம் தொடங்கி இருபது நிமிடத்தில் கால் வலித்து உட்காரப் போனேன். பக்கத்தில் இருந்த பையன் முழங்கையைப் பிடித்துத் தூக்கிவிட்டான். இங்கே மாணவர்கள் உட்காருவதில்லை என்றான். காரணத்தை இடைவேளையில் சொன்னான். 1922 ஜனவரி 2, டல்லஸில் சென்டர் கல்லூரியோடு ஆட்டம். நம் ஆட்கள் வரிசையாக அடிபட்டு விழ, மேலே பத்திரிகையாளர் பகுதியில் உதவிக்கொண்டிருந்த ஈ. கிங் கில் என்ற மாணவரைப் பயிற்சியாளர் டானா பைபிள் கீழே அழைத்தார். கில் உடை மாற்றிக்கொண்டு வந்து கோட்டோரம் நின்றார். 22-14 என்று நாம் ஜெயித்தோம். கடைசிவரை அவரை ஆட அழைக்கவில்லை. ஆடாமல் தயாராக நின்ற அந்த ஒருவருக்காக நூறு வருடமாக ஆயிரக்கணக்கான பேர் நிற்கிறார்கள். (நம் அணி புள்ளி எடுத்தால் பக்கத்தில் நிற்கும் ஜோடியை முத்தமிடுவதும் அங்கே மரபு. அதை யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. சுற்றிலும் எல்லோரும் ஜோடி ஜோடியாகத் திரும்ப, நானும் சேலத்து நண்பன் ஒருவனும் ஸ்கோர்போர்டையே உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றோம்.) கோட்டோரம் நின்ற ஒருவருக்கு மைதானத்தில் சிலை வைத்த பல்கலைக்கழகம், ஆள் எடுக்கும்போது கோட்டோரம் நிற்கப்போகிறவர்களைப் பற்றிக் கேட்பதே இல்லை என்பது எனக்குத் தாங்கமாட்டாத முரண்.

அப்படிக் கோட்டோரம் நின்றவர்களில் ஒருவரிடம்தான் இப்போது அணியைக் கொடுத்திருக்கிறீர்கள். எலைஜா ராபின்சன், 2018 முதல் டிஃபன்ஸிவ் லைன் பயிற்சியாளர். யார் வந்தாலும் அவரோடு ஒரு மணிநேரம் உட்காரச் சொல்லுங்கள். எந்தப் பையன் போர்ட்டலை நினைத்துக்கொண்டிருக்கிறான், யாருக்கு வீட்டில் கஷ்டம், யார் காயத்தை மறைத்து ஆடுகிறான் என்பதெல்லாம் எந்தத் தேர்வு நிறுவனத்தின் அறிக்கையிலும் வராது.

வரும் சனிக்கிழமை அபிலீன் கிறிஸ்டியனோடு ஆட்டம். என் மகளை முதல்முறையாக அழைத்து வருகிறேன். புது கோச் வந்துவிட்டாரா என்று கேட்டாள். இன்னும் இல்லை என்றேன். அப்படியென்றால் யார் சொல்லிக்கொடுப்பார்கள் என்றாள். மற்ற கோச்சுகள் என்றேன். எத்தனை பேர் என்றாள். எண்ணிப் பார்ப்போம் என்று சொல்லியிருக்கிறேன், பைனாகுலரை எடுத்து வைத்தாயிற்று. பழைய மாணவர்கள் பகுதியில் உட்காரலாம் என்பதை மட்டும் இன்னும் சொல்லவில்லை.

கிக் எம் (நம் பல்கலைக்கழக முழக்கம்).

உங்கள் பழைய மாணவன்